சின்னத் தீவில் முதல் ஸ்நார்க்கெலிங்: கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்ப்பது எப்படி?

வெப்பமண்டலக் கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவுக்குப் போய் இறங்கியதும், "இங்கே என்னதான் செய்வது?" என்று கேட்கத் தோன்றும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீவையே சுற்றி நடந்துவிடலாம். வரிசையில் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது. அங்கே பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது. பல தீவுகளில் கரையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டரிலேயே பவளப்பாறை தொடங்கிவிடும். படகு வேண்டாம், முதுகில் காற்றுச் சிலிண்டர் வேண்டாம். ஒரு மாஸ்க், ஒரு மூச்சுக்குழாய், காலுக்கு ஒரு ஜோடி ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இருந்தால் போதும். குப்புற மிதந்தபடி, குழாய் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டு கீழே பார்ப்பதுதான் ஸ்நார்க்கெலிங்.

ஓரளவு நீச்சல் தெரிந்து, முதல்முறை கடலில் ஸ்நார்க்கெல் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. நீச்சலே தெரியாது என்றால் மிதவை ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கால் தரையில் படும் ஆழத்தில், துணைக்கு ஒருவரோடு நான்காம் படி வரை மட்டும் செய்யுங்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

படி 1: கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தங்களுக்கு ஓய்வு கிடைத்த நேரத்தில் இறங்குவது. எப்போது இறங்குவது என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது.

பெரும்பாலான இடங்களில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 9.50. ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழாகி, காலை 9 மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். போன வாரம் வந்தவர் சொன்ன நேரம் இந்த வாரம் உதவாது. அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். அட்டவணை பக்கத்துத் துறைமுகத்துக்கானதாக இருக்கலாம், தீவில் சற்று முன்பின் ஆகும். படகு ஓட்டுகிறவர்களைக் கேட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லிவிடுவார்கள்.

இறங்க நல்ல நேரம், உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. வற்றத் தொடங்கும்போது கரையேறிவிட வேண்டும். இதற்கு மூன்று காரணங்கள்: பாறைக்கு மேலே வயிறு உரசாத அளவுக்குத் தண்ணீர் இருக்கும், வெளிக்கடலிலிருந்து தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், உச்சத்தை ஒட்டி நீரோட்டம் தணியும்.

ஏற்றமும் வற்றமும் சீரான வேகத்தில் நடப்பதில்லை. நீர்மட்ட வித்தியாசம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். முதல் மணி நேரத்தில் சுமார் 10 செ.மீ. ஏறும். அடுத்து 20, பிறகு 30, 30, 20, கடைசியில் மறுபடி 10. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நீரோட்டம் கடுமையாக இழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அவற்றுக்கு ஏழெட்டு நாள் கழித்து வரும் அரைநிலாக் காலம் பழகுகிறவர்களுக்கு இதமானது.

படி 2: எந்தக் கரை?

சின்னத் தீவின் பெரிய வசதி, ஒரு கரை சரியில்லை என்றால் மறுகரைக்கு நடந்தே போய்விடலாம். தென்னை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். காற்று வந்து மோதும் பக்கத்தில் அலையும் கலங்கலும் இருக்கும். எதிர்ப்பக்கம் அமைதியாக இருக்கும். பொதுவாகக் காலையில் காற்று குறைவு. வெயிலில் தரை சூடேறியதும் கடற்காற்று கிளம்பி, மதியத்துக்கு மேல் நீர்ப்பரப்பைக் குலைத்துவிடும்.

ஆனால் அந்த அமைதியான கரையிலும் ஒரு கண்ணி உண்டு. அங்கே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடைத்த மெத்தை, ட்யூப் போன்றவற்றை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். அவற்றின் மேல் படுத்துக்கொண்டு மீன் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் சாது என்று முடிவு கட்டக் கூடாது. அலை முழங்காலுக்கு மேல் உடைந்தால் அன்று வேண்டாம். பாறை விளிம்பில் எல்லா இடத்திலும் நுரை தெரிய, ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல் கருநீலமாக இருந்தால், அது வாய்க்கால். பாறைக்கு மேலாக உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் அந்த வழியாகத்தான் வெளியேறும். பார்க்க மிக அமைதியாக இருக்கும் அந்த இடம்தான் மிக ஆபத்தானது.

கடைசியாக, முழங்கால் ஆழத்தில் நின்று ஓர் இலையைத் தண்ணீரில் போடுங்கள். ஒரு நிமிடத்தில் பத்து மீட்டருக்கு மேல் நகர்ந்தால் காத்திருங்கள், அல்லது வேறு கரையைப் பாருங்கள்.

படி 3: மாஸ்க் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

மாஸ்க்கின் பட்டையைத் தலையில் மாட்டாமல், முகத்தில் மட்டும் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நழுவினால் அந்த மாஸ்க் உங்களுக்கு இல்லை. கண்ணாடிக்கும் முகத்துக்கும் இடையில் இருக்கும் மெல்லிய சிலிக்கான் விளிம்புதான் தண்ணீரைத் தடுக்கிறது. பட்டைக்கு அதைப் பிடித்துவைக்கும் வேலை மட்டும்தான். தண்ணீர் கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள். இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் அதிகமாகக் கசியும். ஒரு பிடி தளர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்படியும் கசிந்தால் மூன்று இடங்களைச் சோதியுங்கள். நெற்றியில் ஒரு முடிக்கற்றை விளிம்புக்கடியில் மாட்டியிருக்கலாம். மீசை மேல் விளிம்பு படிந்திருக்கலாம். மூக்குக்குக் கீழே சில மில்லிமீட்டர் மழித்துவிட்டால் சரியாகும். மூன்றாவது சிரிப்பு. சிரித்தால் கன்னத்தில் மடிப்பு விழுந்து வழி உண்டாகும், அது போகட்டும்.

கண்ணாடியில் ஆவி படிவதுதான் அடுத்த தொல்லை. புது மாஸ்க்கில் தயாரிப்பின்போது படிந்த ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உட்புறம் தடவி, விரலால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் இறங்கும் முன், உலர்ந்த கண்ணாடியில் எச்சில் அல்லது ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்புவைத் தடவி, கடல்நீரில் ஒரே ஒரு அலசு. பளபளவென்று ஆகும்வரை கழுவினால் தடவியதே வீண்.

மூச்சுக்குழாய் 35 முதல் 40 செ.மீ. நீளம் போதும். நீளமான குழாய் இருந்தால் ஆழத்தில் மூச்சுவிடலாம் என்பது தவறு. வெளியே விட்ட காற்றே குழாய்க்குள் தங்கித் திரும்ப உள்ளே வரும். நீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சும் விரியாது. முழு முகத்தையும் மூடும் மாஸ்க்கைப் பழகுகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவசரத்தில் சட்டென்று கழற்ற வராது, வடிவமைப்பு மோசமாக இருந்தால் கரியமில வாயுவும் உள்ளே தேங்கும்.

முழுக்கை நீச்சல் சட்டை கட்டாயம். குப்புற மிதக்கும்போது முதுகும், முழங்காலின் பின்பக்கமும் வெந்துபோகும். குளிர்ந்த நீரில் அது தெரியவே தெரியாது. சட்டை மூடாத இடத்துக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன். ஆக்ஸிபென்சோன் உள்ள வகை பவளத்தைப் பாதிக்கும் என்ற கவலையில் பலாவ் நாடு 2020-லும், ஹவாய் 2021-லும் அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டன. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: இடுப்பளவு தண்ணீரில் பழகுங்கள்

ஃபின் போடாமல், மணல் தரையில் இடுப்பளவு நீரில் நில்லுங்கள். குழாயை வாயில் கடித்து, முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு படபடக்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மூச்சிழுக்க உடம்பு மறுப்பது இயல்பு. மூன்று எண்ணும் நேரம் இழுங்கள், ஐந்து எண்ணும் நேரம் விடுங்கள். மூச்சு சீரானபின் மட்டுமே அடுத்தது.

இரண்டு வித்தைகள் கைவர வேண்டும். ஒன்று, குழாயில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது. வேண்டுமென்றே குழாய் நுனியை மூழ்கவிட்டு, மேலே வந்ததும் "தூ" என்று ஒரே வீச்சில் ஊதுங்கள். மெதுவாக ஊதினால் தண்ணீர் பாதியிலேயே நிற்கும். அடுத்த மூச்சை மெல்ல இழுங்கள், மிச்சச் சொட்டுகள் தொண்டைக்குப் போகாது. ஊதவும் ஒரு வாய்க் காற்று வேண்டும் என்பதால், நெஞ்சை ஒருபோதும் முழுக்கக் காலி செய்யாதீர்கள்.

இரண்டாவது, மாஸ்க்குக்குள் வந்த தண்ணீர். தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதினால் கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். இரண்டையும் தலா ஐந்து முறை செய்யுங்கள். கால் எட்டாத இடத்தில் இதைக் கற்க முயல்வதுதான் பீதிக்குக் காரணம்.

படி 5: புறப்படுங்கள்

ஃபினை நீரில் நின்று மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடங்கள். முன்னோக்கி நடந்தால் நுனி மடிந்து விழுவீர்கள். கால்களை இடுப்பிலிருந்து மெதுவாக, நீளமாக அசையுங்கள். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கினால் நகரவே மாட்டீர்கள். பார்வை நேர் கீழே இருக்கட்டும். முன்னால் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினால் குழாய் நுனி பின்னால் சாய்ந்து மூழ்கும்.

முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்தபின் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும். போகும் முன் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்களை மனதில் வையுங்கள்: முன்னால் ஒரு மரம், அதற்கு நேர் பின்னால் ஒரு கூரை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரை மரத்தின் ஒரு பக்கமாக விலகித் தெரிந்தால் கடல் உங்களைப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே மீனே தெரிவதால் இந்த நகர்வு உணர்வுக்கு எட்டாது.

துணையோடு மட்டுமே போங்கள், ஒருவர் பின் ஒருவராக அல்ல, பக்கத்தில் பக்கத்தில். முதல் முறைக்கு 30 நிமிடம் போதும். காற்றைவிட நீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும், ஆகவே வெதுவெதுப்பான கடலிலும் நடுக்கம் வரும். நடுங்கினால் கரையேறுங்கள்.

படி 6: அசையாமல் பாருங்கள்

நிறைய தூரம் நீந்துகிறவர்கள் குறைவாகவே பார்க்கிறார்கள். ஒரு நல்ல பவளத்திட்டுக்கு மேலே ஐந்து நிமிடம் சும்மா மிதந்து கிடங்கள். முதலில் எல்லா மீன்களும் இடுக்குகளுக்குள் மறையும். இரண்டாம் நிமிடம் சின்ன மீன்கள் தலை நீட்டும், பிறகு மற்றவை வரும். மொறுமொறு என்று ஒரு சத்தம் கேட்டால் அருகில் கிளிமீன் பாறையைக் கொறிக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் அதன் வாலருகே வெள்ளைப் புழுதி பறக்கும். தின்ற பாறை மணலாகி வெளியேறுகிறது. நீங்கள் நடந்துவந்த வெண்மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். இந்திய, பசிபிக் கடல்களில் விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட ஒரு மீன், பெரிய மீனின் வாய்க்குள்ளேயே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுப்பதையும் பார்க்கலாம். இதற்காக மற்ற மீன்கள் அங்கே வந்து காத்து நிற்கும்.

தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், அருகிலும் தெரியும். தொட்டுப் பார்க்கக் கை நீளும். தயவுசெய்து தொடாதீர்கள், மேலே நிற்காதீர்கள். உருண்டைப் பவளம் பல, ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவில்தான் வளரும். ஓய்வு வேண்டுமா? மல்லாந்து மிதங்கள். ஆமை வந்தால் அதற்கு மேலே போய் நிற்காதீர்கள், அது மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும்.

ஏதாவது தவறினால்

தண்ணீர் விழுங்கி இருமல் வந்தால் உடனே மல்லாந்து படுத்து, குழாயைத் துப்பிவிட்டு இருமுங்கள். நீரோட்டம் வெளியே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி அலை உடையும் பக்கம் வந்தபின் கரையை நோக்குங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஃபின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து முழங்காலை நீட்டுங்கள். ஆழமாக மூழ்குவதற்காக வேகவேகமாக மூச்சிழுத்துவிடும் பழக்கம் வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும்.

கல்மீன் அல்லது திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை வைத்து, மருத்துவரைத் தேடுங்கள். சொறிமீன் பட்டால் தேய்க்கக் கூடாது. மற்றபடி முதலுதவி இனத்துக்கு இனம் மாறும். அந்தக் கடலில் எது உண்டு, என்ன செய்வார்கள் என்று இறங்குமுன் அங்கேயே இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கடல் வற்றிய நேரத்தில்

நீந்த முடியாத அந்த மணி நேரங்களில் பாறைக் குட்டைகளைப் பார்க்கப் போகலாம். உச்ச வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன் போய், ஏறத் தொடங்கியதும் திரும்புங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வையுங்கள். கூம்பு வடிவில் அழகான வேலைப்பாட்டோடு கிடக்கும் சங்கை எடுக்கவே எடுக்காதீர்கள். உயிரோடு இருந்தால் கொட்டும், சில இனங்களின் விஷம் ஆளைக் கொல்லும், அதற்கு முறிமருந்தும் கிடையாது.

திரும்பியதும் மாஸ்க்கையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் மஞ்சளாகும். பட்டைக் கொக்கியில் உப்பு உறைந்தால் அடுத்த நாள் நகராது. காய்ந்ததும் பையில் வைத்துவிட்டு, இன்று இறங்கிய நேரத்தோடு 50 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு இறங்க வேண்டிய நேரம் ஏறக்குறைய அதுதான்.