பெரிய ரெப்பர்ட்டரி நாடக நிறுவனத்துக்குக் கலை இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரே மேடையில் வாரம் முழுக்க மூன்று நான்கு நாடகங்கள் மாறி மாறி ஓடும் இடம் ரெப்பர்ட்டரி நிறுவனம். அங்கே கலை இயக்குநர் தாமே இயக்குவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நாடகம்தான். மற்றவற்றை யாரிடம் கொடுப்பது, எந்த மேடையில், எந்த வாரத்தில், எவ்வளவு செலவில் என்று தீர்மானிப்பதுதான் மீதி வேலை. அற்புதமான இயக்குநர்கள் பலர் இந்த நாற்காலியில் தடுமாறுவது இதனால்தான். ஆகவே விண்ணப்பதாரரின் பழைய நாடகங்களைப் பார்த்து மயங்காமல், இந்த வேலையைச் சோதிக்கும்படி தேர்வை அமைக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு முன்பே போர்டு, அதாவது நிறுவனத்தை மேற்பார்வையிடும் குழு, தனக்குள் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? லண்டனின் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் எம்மா ரைஸ் 2016-இல் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். வண்ண விளக்குகளும் ஒலிபெருக்கியும் அவருடைய பாணி என்பது அவர் நாடகங்களை முன்பே பார்த்த எவருக்கும் தெரியும். டிக்கெட்டும் நன்றாகவே விற்றது. ஆனால் நடிகரும் பார்வையாளரும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் முறைக்கே திரும்ப வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் போர்டு முடிவெடுத்தது. 2018 ஏப்ரலில் அவர் விலகுவார் என்று அறிவிப்பு வந்தது. வேலை கொடுக்கும் முன் பேசியிருக்க வேண்டிய பேச்சு அது. மாற்றக் கூடாதவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, விண்ணப்பக் குறிப்போடு சேர்த்தே அனுப்புங்கள்.

இன்னொன்று, யார் யாருக்குப் பதில் சொல்வது என்பது. லண்டன் நேஷனல் தியேட்டரில் கலை இயக்குநர், நிர்வாக இயக்குநர் இருவரோடு கூடத் தனியாக ஒரு தலைமைச் செயல் அலுவலர் பதவியை உருவாக்கி, டெஸ்ஸா ராஸை அமர்த்தினார்கள். இந்த அமைப்பு ஒத்துவரவில்லை என்று 2015 ஏப்ரலிலேயே அவர் விலகுவதாக அறிவித்தார். பெரும்பாலான பெரிய நிறுவனங்களுக்கு, கலை இயக்குநரும் நிர்வாக இயக்குநரும் சம நிலையில் போர்டுக்கு நேரடியாகப் பதில் சொல்வதே பொருந்தும். நாடகத் தேர்வில் கடைசிச் சொல் யாருடையது, பட்ஜெட்டில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்பதை மட்டும் பிரித்து எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். நேஷனல் தியேட்டரிலிருந்து 2025-இல் விலகுவதாக அப்போதைய கலை இயக்குநர் ரூஃபஸ் நாரிஸ் 2023 ஜூனில் சொன்னார். டிசம்பரில் இந்து ரூபசிங்கம் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த அரங்கின் முதல் பெண் கலை இயக்குநர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். 2024-இல் பொறுப்பேற்கவிருக்கும் இயக்குநராக உள்ளே வந்தார், 2025 வசந்தத்தில் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. பெரிய அரங்கில் பருவங்கள், அதாவது ஒரு காலப்பகுதிக்கான நாடக வரிசைகள், ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுவதால் இந்த இடைவெளி அவசியம். அவசரப்பட்டால், புதியவர் தாம் தேர்ந்தெடுக்காத நாடகங்களுக்காக முதல் ஆண்டு முழுக்க விமர்சனம் வாங்குவார்.

தேர்வுக் குழு ஐந்து முதல் ஏழு பேர் போதும். அதில் ஒருவராவது வேறொரு பெரிய அரங்கை நடத்தியவராக இருக்கட்டும். போர்டில் வங்கிக்காரரும் வழக்கறிஞரும் மட்டுமே இருந்தால், பேச்சுத் திறமையை நாடகத் திறமை என்று நம்பிவிடுவார்கள். விலகிப்போகும் இயக்குநர் குழுவில் வேண்டாம். இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்றால் அதையும் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2022-இல் டேனியல் எவன்ஸ், டமாரா ஹார்வி இருவரையும் இணைக் கலை இயக்குநர்களாக அறிவித்தது. ஜோடிகளைச் சேர்த்தும் தனித்தனியாகவும் சந்தித்து, ஒரு நாடகத்தில் கருத்து வேறுபட்டால் யார் முடிவு நிற்கும் என்று கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான கட்டம். மூன்று நான்கு பேராகச் சுருங்கிய பிறகு, ஒவ்வொருவருக்கும் உண்மையான பட்ஜெட், இருக்கை எண்ணிக்கை, ஆட்பலம், மேடை விவரம் எல்லாம் கொடுத்து, ஒரு முழுப் பருவத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வார அவகாசம், அதற்கு ஊதியம், தேர்வாகாதவரின் யோசனைகளைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதி. இலவசமாக வாங்குவது திருட்டுக்குச் சமம்.

அந்தத் திட்டத் தாள் வந்ததும் நாடகப் பெயர்களுக்கு முன் தேதிகளைப் பாருங்கள். முதல் நாடகத்தின் நாயகி மூன்றாவதிலும் இருக்கிறாரா? அப்படியானால் மூன்றாவதன் தொழில்நுட்ப ஒத்திகை (விளக்கு, ஒலி, செட் எல்லாம் சேர்த்து மேடையிலேயே பார்க்கும் ஒத்திகை) எந்த வாரம்? அது பகலோடு முடியாது, இரவையும் கேட்கும். அந்த இரவுகளில் முதல் நாடகத்துக்கு மேடையும் கிடையாது, நாயகியும் கிடையாது. டிக்கெட் வருமானம் போச்சு. புதன் மதியம் ஒரு நாடகம், இரவு இன்னொன்று என்றிருந்தால், நடுவில் செட்டைப் பிரித்து மாட்ட எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று கேளுங்கள். எண் தெரியாதது குறையே இல்லை. தயாரிப்பு மேலாளரைக் கேட்காமல் தேதி போட மாட்டேன் என்பவர் இந்த வேலையைப் புரிந்தவர். பிறகு வருமானத்தில் பத்து சதவீதத்தை வெட்டி, அவர் கண்ணெதிரே தாளைத் திருத்தச் சொல்லுங்கள். முதலில் எதைக் கைவிடுகிறார் என்பதில் அவருடைய ரசனை முழுவதும் தெரியும். புதிய எழுத்தாளரையா, இருபது பேர் நடிக்கும் பழைய நாடகத்தையா, சுற்றுப்பயணத்தையா?

விண்ணப்பதாரரோடு முன்பு வேலை செய்தவர்களிடம் விசாரிப்பதைக் கடைசிக் கட்டத்தில், அவர் சம்மதத்தோடு மட்டும் செய்யுங்கள். வேறொரு அரங்கை நடத்திக்கொண்டிருப்பவரின் பெயர் கசிந்தால் அவர் விலகிக்கொள்வார். புகழ்பெற்ற நடிகர்களின் சான்றைவிட மேடை மேலாளர், கணக்கு அலுவலர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். “செலவு கைமீறியபோது உங்களுக்கு எப்போது சொன்னார்?” என்ற ஒரு கேள்வி போதும்.

ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு எத்தனை நாடகம் இங்கே இயக்கலாம், வெளியில் எத்தனை வாரம் வேலை செய்யலாம், நாடகம் வேறு அரங்குக்கு மாறினால் அவருக்கு என்ன பங்கு என்பவை இருக்கட்டும். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், நீட்டிப்பதா என்பதை மூன்றரை ஆண்டுக்குள் முடிவு செய்ய வேண்டும். தாமதித்தால் போகப்போகிறவரே அடுத்த இரண்டு பருவத்தையும் நிரப்பிவிடுவார்.

கைமாற்றத்தில் பழையவர் இரண்டு பட்டியல் தர வேண்டும்: எழுதச் சொல்லி முன்பணம் கொடுத்த நாடகங்கள், வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள். இரண்டாவதைக் கேட்டு வாங்காவிட்டால் கிடைக்காது. புதியவரின் முதல் பருவத்தில் இரண்டு மூன்று இடங்களையாவது காலியாக விடும்படி பழையவரிடம் சொல்லுங்கள். பெர்லின் ஃபோல்க்ஸ்பியூனே அரங்கின் தலைமையில் 25 ஆண்டு இருந்த ஃபிராங்க் காஸ்டோர்ஃப் 2017-இல் போனதும் அவர் காலத்து நாடகங்களும் போய்விட்டன. அவர் இடத்துக்கு அருங்காட்சியக உலகிலிருந்து வந்த கிறிஸ் டெர்கனிடம் மாலைதோறும் ஓட்ட நாடகங்கள் போதவில்லை. எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 2018 ஏப்ரலில் விலகினார். பழைய நாடகங்களில் எவை, எத்தனை மாதம் மேடையில் தொடரும் என்பதைப் புதியவர் கையெழுத்திடும் முன்பே எழுதி வையுங்கள்.