மெய்ப்புத் திருத்தும்போது எப்போது எழுந்திருக்க வேண்டும்

அச்சேறும் முன் பிழை பார்க்கத் தரும் படியான மெய்ப்பை, நூறு பக்கமும் ஒரே மூச்சில் முடிக்க உட்கார்ந்தால், முதல் இருபது பக்கங்களில் பளிச்சென்று தெரிந்த ஒற்றுப்பிழைகள் பிறகு கண்முன்னே இருந்தும் தப்பிவிடுகின்றன. இதை அக்கறைக் குறைவு என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. எப்போதாவது வரும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் வேலைகள் பலவற்றிலும் கவனம் இப்படித்தான் சரிகிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைக் கண்காணித்தவர்கள் நேரம் செல்லச் செல்லத் தடயங்களைத் தவறவிட்டதை ஆராய்ந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், 1948இல் வெளியிட்ட சோதனையில், நொடிக்கு ஒருமுறை நகரும் முள் அரிதாக இரட்டிப்புத் தூரம் தாவுவதைக் கவனிக்கச் சொன்னார். இரண்டு மணி நேரக் காவலில் முதல் அரை மணி கழிந்ததுமே தவறுகள் கூடின. அரை மணி காவல், அரை மணி ஓய்வு என்று மாற்றியபோது கூடவில்லை.

ஆகவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். ஆனால் பத்தி முடிந்த இடத்தில் எழுங்கள். ஐந்து நிமிடம் நடந்தாலே பலன் தெரியும். அப்போது கைபேசியில் செய்தி வாசிப்பது ஓய்வாகாது, ஏனெனில் களைத்த கண்ணும் மொழியறிவும் அங்கேயும் உழைக்கின்றன.

நாமே எடுக்கும் ஓய்வு வேறு, பிறர் குறுக்கிடுவது வேறு. வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையில் ஏறத்தாழ மூன்று நொடிக் குறுக்கீடே பிழைகளை இரட்டிப்பாக்கியதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. நானும் பட்டிருக்கிறேன்: வரியின் நடுவில் தொலைபேசி ஒலிக்க, பேசி முடித்துத் திரும்பியவன் அடுத்த பத்தியிலிருந்து தொடர்ந்தேன்; விட்டுப்போன வரிகளில் ‘பணிக்கொடை’ என்பதற்குப் பதில் இருந்த ‘பனிக்கொடை’ அப்படியே அச்சேறிவிட்டது.

யாரேனும் அழைத்தால், பதில் சொல்வதற்கு முன் பென்சிலால் அந்தச் சொல்லின்கீழ் கோடிடுங்கள். என்ன ஐயம் இருந்தது என்பதை ஓரத்தில் ‘க் வருமா?’ என்பதுபோல் இரண்டு சொல்லில் குறியுங்கள். பாதியில் விட்டதை மனம் சுமந்துகொண்டே இருக்கும், எழுதிவைத்தால் அது இறங்கும். திரும்பியதும் கோட்டிலிருந்து தொடங்காமல், பத்தியின் தலையிலிருந்து வாசியுங்கள். பெயர்கள், ஆண்டுகள், பக்க எண்கள் ஆகியவற்றை மட்டும் பார்ப்பதற்கு மறுநாள் காலையில் தனியாக ஓர் அரை மணியை ஒதுக்குங்கள். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.