கோவைப் புறநகரில் ஒரு நாள் மிதிவண்டிப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பகல் வேளையில், சூலூர்க் குளக்கரையில் இரண்டு இளைஞர்கள் மிதிவண்டிகளைச் சாய்த்துவிட்டு மர நிழலில் படுத்திருந்தார்கள். காலையில் காந்திபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள், திரும்பக் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் மிதித்ததும் இயலாமல் குளக்கரைக்கே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அதே சாலையில் நான் செய்த அதே தவறுதான். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தலைக்கவசம் அணியுங்கள் என்பதையெல்லாம் எவரும் சொல்வார்கள்; எவரும் சொல்லாததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காற்றைப் பார்க்காமல் திசையை முடிவு செய்தல்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்குண்டு, வேகமெடுத்து, கோவைச் சமவெளியின் மீது கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். புதிதாக வருபவர்களோ, சாலை அகலமாகவும் மேடு குறைவாகவும் இருக்கிறது என்று திருச்சி சாலையில் கிழக்கே கிளம்பிவிடுகிறார்கள்.

பின்னாலிருந்து தள்ளும் காற்று நமக்குத் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. முகத்தில் படாது; காதில் இரையாது; சட்டை படபடக்காது. பல ஆண்டுகளுக்கு முன் நான் போன அன்று, 25 கிலோமீட்டர் வேகம் தானாக வந்தபோது, என் கால்களுக்குப் பலம் கூடிவிட்டதாகவே நான் நம்பினேன். சூலூரோடு நிறுத்த எண்ணியிருந்தவன் அந்த நம்பிக்கையில் பல்லடம் வரை போய்விட்டேன். திரும்பியபோது மணி பதினொன்று. தென்னை மரங்களின் மட்டைகள் அத்தனையும் கிழக்குப் பக்கமாகவே வாரிவிடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். குனிந்து, கைப்பிடியின் நடுவைப் பிடித்துக்கொண்டு மிதித்தும் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. லாரி ஒன்று கடக்கும்போது ஒரு நொடி காற்று அற்றுப்போய் வண்டி உள்ளே இழுக்கப்படும், அடுத்த நொடி பக்கவாட்டில் அறை விழும். சூலூரை அடைந்தபோது தொடைகள் நடுங்கின. மீதித் தூரத்தை ஒரு சரக்கு ஆட்டோவில்தான் கடந்தேன்.

கணக்கைப் பாருங்கள். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர், உங்கள் வேகமும் 18 என்றால், போகும்போது உங்கள் உடல் காற்றை எதிர்க்கவே இல்லை. வரும்போது அதே வேகத்துக்கு, காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு எதிர்விசையைத் தள்ளியாக வேண்டும். போகையில் மிச்சமான நேரம் வருகையில் ஈடாகிவிடும் என்பதும் பொய்க்கணக்கு. 36 கிலோமீட்டரை 24 வேகத்தில் போய் 12 வேகத்தில் வந்தால் நாலரை மணி நேரம். போக வர ஒரே சீராக 18 வேகத்தில் மிதித்தால் நான்கே மணி நேரம்.

இது தெரிந்த மூத்தவர்களே, திணறி நிற்கும் புதியவர்களிடம் “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பழக்கக் குறைவென்று நினைத்து எத்தனையோ பேர் வண்டியை விற்றுவிட்டார்கள். அவர்களிடம் குறை எதுவுமில்லை. திட்டம்தான் தலைகீழாக இருந்தது.

மேற்கிலிருந்து வீசும் இந்த மேல்காற்றுக் காலத்தில் மேற்கே கிளம்புங்கள். விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். ஆறு மணிக்குள் புறப்பட்டுப் பேரூர், மாதம்பட்டி வழியாக ஆலாந்துறை வரை போய்த் திரும்பினால், காற்று வலுக்கும் நேரத்தில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கிழக்கே ஓடுவதால், திரும்பும் வழி முழுவதும் மெல்லிய இறக்கமும்கூட. குளிர்காலத்தில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து காற்று வீசும். அப்போது சிங்காநல்லூர்க் குளம், சூலூர் என்று கிழக்கே முதலில் செல்லலாம். முந்தின நாள் பகலில் மொட்டை மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே போதும்.

பார்க்கும் இடங்களை அடுக்கிக்கொண்டே போதல்

ஒரு நாளைக்கு ஒரு கோயில், ஒரு குளம் போதும். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண் சிற்பங்களை நின்று பார்க்க விரும்புகிறவர்கள் போகும் வழியிலேயே பார்த்துவிட வேண்டும். வரும்போது பார்க்கலாமென்றால் மதியத்துக்கு மேல் நடை சாத்தியிருக்கும்.

பொழுது சாயும்வரை மலையடிவாரத்தில் இருத்தல்

தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் யானைகள் இறங்கும். மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

மதியம் முழுச் சாப்பாடு

வேண்டாம்.

குளக்கரை மண்ணில் வண்டியை உருட்டுதல்

கரைகளில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் நிறைந்திருக்கும். வண்டியை நிறுத்தி எடுத்தவுடன் டயரைக் கையால் தடவி, குத்தியிருக்கும் முள்ளை அது ட்யூபைத் தொடும் முன்பே பிடுங்கிவிடுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்று அதற்கென்றே கிடைக்கிறது. அதை வால்விலேயே மாட்டி வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.