வால்பாறையில் தங்குகிறீர்களா? முதல்முறை காட்டுயிர் பார்க்க ஒரு திட்டம்

ஹோம்ஸ்டேயில் நீட்டும் 'பார்க்க வேண்டிய பாயின்ட்' பட்டியலை மடித்து வையுங்கள். அத்தனைக்கும் ஓடினால் தேயிலைதான் மிஞ்சும். வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி என்னும் பெரிய அலகுப் பறவை, இந்த மூன்றை மட்டும் குறிவையுங்கள்.

1. முன்தயாரிப்பு: 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு இ-பாஸ் உண்டு, முன்பே எடுத்துவிடுங்கள். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10× வாங்கினால் கைநடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

2. மலை ஏறும்போதே ஆரம்பியுங்கள்: ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் எல்லோரும் அணையைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பாறைச் சரிவுப் பக்கம் திரும்பி, இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். வரையாடு பாறை நிறத்திலேயே நிற்கும், அசைந்தால்தான் பிடிபடும்.

3. மறுநாள் காலை புதுத்தோட்டம்: வால்பாறை அருகிலுள்ள எஸ்டேட் இது, விடிந்ததும் போய்விடுங்கள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்கள் கட்டியிருக்கும். குரங்குகள் கீழே இறங்கி வண்டியில் அடிபடாமல் கடக்கப் போட்ட பாலம் அது. அதன் கீழே நிற்காமல், சற்றுத் தள்ளி ஓரமாகக் காத்திருங்கள். உடல் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம் இருந்தால் சிங்கவால் குரங்கு. பிடரி இல்லாமல் நீளவாலோடு இருப்பது கருமந்தி. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு பாலத்தை விட்டுச் சாலைக்கே வரும்.

4. இருவாச்சிக்குக் காது வேண்டும்: பேச்சை நிறுத்துங்கள். ரயில் நீராவி விடுவதுபோல 'உஷ் உஷ்' என்று சிறகோசை முதலில் வரும், பறவை பிறகு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் பழம் சுமந்து அலையும். பழுத்த அத்தி மரம் தெரிந்தால் அங்கேயே உட்காருங்கள். பொந்து தெரிந்தால் கிட்டே போகாதீர்கள்.

5. இருட்டுமுன் அறைக்கு: எஸ்டேட் சாலைகளில் சிவப்பு விளக்கு மினுங்கினால் அருகில் யானை நடமாட்டம் என்று அர்த்தம். குறுக்குவழி, தேயிலைப் பாத்தி நடை எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிவிடுங்கள்.