பேச்சு போனவர் வாயில் நாம் சொல்லைத் திணிக்கும் தவறு

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய வாரம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் எதிரிலேயே பெரியம்மாவிடம் விசாரித்தார்கள். "ஆளை அடையாளம் தெரியுதா?" அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தது. சொல்தான் வரவில்லை.

மொழியை ஆளும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டு மொழி தடுமாறுவதை அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சிலருக்குப் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகலாம். அதற்காகக் காதருகே கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது. சின்ன வாக்கியமாக, கையைக் காட்டிப் பேசினால் போதும்.

1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஓரசைதான் வரும். மற்றதெல்லாம் சைகை. ஆனால் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போனால், கோபத்தில் ஒரு வசவு மட்டும் முழுசாக வந்துவிழுமாம்! பழகிப்போன வசவு, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, சாமி பெயர் இதெல்லாம் அப்படித் தானாக வரக்கூடியவை. "முருகான்னு சொல்றாரு, என் பேரைச் சொல்ல மாட்டேங்கிறாரு, எல்லாம் வீம்பு" என்று பெரியம்மா நினைத்தது அதனால்தான் தவறு.

பெரியம்மா செய்த பெரிய தவறு, பாசத்தில் செய்தது. பெரியப்பா "கா..." என்று தொடங்குவதற்குள் காபி டம்ளர் கைக்கு வந்துவிடும். ஒரு நாளில் இப்படி ஐம்பது முறை நடந்தால் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. காபியையும் மோரையும் எதிரே வைத்து "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கச் சொன்னார் ஸ்பீச் தெரபிஸ்ட். வரவில்லையா, சுட்டிக்காட்டினாலும் பதில்தான். இதன் மறுபக்கமும் உண்டு: "தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்" என்று தாகத்தில் தவிக்கவிடுவது. அது பயிற்சியே இல்லை.

வீட்டில் எந்த மொழியில் வாழ்கிறாரோ அதில்தான் பேச்சு தேவைப்படும். பல மொழி தெரிந்தவருக்கு எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. எது முதலில் வருகிறதோ அதை மறுக்காதீர்கள். பேரன் "வாட்டர் சொல்லு தாத்தா" என்று பாடம் நடத்துவதை மட்டும் நிறுத்துங்கள்.

"படிக்காதவர், இனி எங்கே தேறப்போறாரு" என்பதும் ஒரு கணக்கு. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படிப்பும் வேலையும் குறைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் பாதிப்பு அதிகமாக இருந்தது, தேறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் பேச்சு தேறாது என்று கெடு வைப்பதும் அப்படித் தப்புக் கணக்குதான். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகம்தான், ஆனால் வருடங்கள் கழித்தும் சொற்கள் வருகின்றன.

வெட்கப்பட்டு அவரை வீட்டுக்குள்ளேயே வைப்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நண்பர்கள் குறைகிறார்கள், மனச்சோர்வு கூடுகிறது, பயிற்சியில் மனம் ஒட்டுவதில்லை. கூட்டமாக வேண்டாம். டிவியை அணைத்துவிட்டு ஒருவரோ இருவரோ உட்கார்ந்து பேசினால் போதும்.

ஐந்தாவது மாதம் பெரியப்பாவைப் பழைய டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். மாஸ்டர் என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு வேறு யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "சக்கரை" என்றார் பெரியப்பா. மாஸ்டர் ஸ்பூனை எடுக்கவில்லை, நின்றார். கொஞ்சம் கழித்து "இல்லாம" வந்தது.