‘கடைசியாக ஒருமுறை’ பேசப் போகாதீர்கள்

விடாமல் பின்தொடர்பவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இருபது அழைப்புகளை விட்டுவிட்டு இருபத்தொன்றாவதை எடுத்தால், அத்தனை முறை அழைத்தால் எடுப்பாள் என்றுதான் அவன் புரிந்துகொள்வான். ‘கடைசியாக ஒருமுறை நேரில் பேசலாம்’ என்று கெஞ்சினாலும் போகவே கூடாது.

அதற்காக ஒன்றுமே சொல்லாமல் ஒதுங்குவதும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் அவளைத் தொடர்வதைக் குற்றம் என்கிறது. ஆகவே, “எனக்கு விருப்பமில்லை. இனித் தொடர்புகொள்ள வேண்டாம்” என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி. ‘இப்போதைக்கு’, ‘மன்னிக்கவும்’ எல்லாம் அதில் வேண்டாம். பிறகு பதிலே கூடாது.

அருவருப்பில் செய்திகளை அழித்துவிடுகிறார்கள். அவைதான் சாட்சியம். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பகமான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். வழக்கு முடியும்வரை அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் நின்றான், அலுவலக வாசலுக்கு வந்தான் என்பதையெல்லாம் அன்றன்றே எழுதிவையுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மகளின் படிப்பை நிறுத்துவதும் அவசரமாக மாப்பிள்ளை தேடுவதும் அவளுக்குத் தரும் தண்டனை. இதற்குப் பயந்தே பலர் வீட்டில் சொல்வதில்லை. அண்ணன் போய் அடித்துவிட்டு வந்தால், வழக்கு அண்ணன் மேல் திரும்பும்.

காவல் நிலையத்தில் “தொல்லை தருகிறான்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எச்சரித்து அனுப்புவதோடு முடிந்துவிடலாம். நாள், இடம், நடந்தது என வரிசையாக எழுதி, முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. ஆலோசனைக்கு 181, இணையத் தொல்லைக்கு 1930, ஆபத்து நேரத்தில் 112.

புகார் கொடுத்ததும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். முதல் முறை என்றால் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அவன் விரைவிலேயே வெளியே வரலாம். அந்த வாரங்களில் போகும் நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள், இருப்பிடத்தைக் காட்டும் படங்களைப் பதிவிடாதீர்கள், அவன் புகைப்படத்தைக் குடியிருப்புக் காவலாளியிடமும் அலுவலக வரவேற்பிலும் கொடுத்துவையுங்கள்.