ரெக்கோர்ட் பிளேயர் உறுமினால் முதலில் ஊசிக்கையைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. மாமாவின் பழைய டேர்ன்டேபிளை நான் எடுத்துவந்து பூட்டிய அன்றே, ஊசியை இறக்க முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல். பாட்டின் மெதுவான இடமெல்லாம் அதில் மூழ்கிப் போனது.

தட்டு சுழலாமல், ஊசிக்கையைத் தாங்கியிலேயே வைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அந்தக் கையின் வெறும் உலோகத்தை விரலால் தொடுங்கள். உறுமல் குறைந்தால் எர்த் சரியாகப் போகவில்லை. என் வீட்டில் தொட்டதும் அடங்கியது.

ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியான காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஅம்ப் அதை ஏறக்குறைய 100 மடங்காக்குகிறது. அதற்கு மேல், இசைத்தட்டில் குறைத்து வெட்டிய தாழ்ந்த ஒலிகளைத் திரும்ப உயர்த்துவதால் 50 ஹேர்ட்ஸுக்கு இன்னும் ஏழு மடங்கு கூடும். நம் வீட்டுக் கரண்டும் அதே 50 ஹேர்ட்ஸ். அதனால்தான் ரெக்கோர்ட் பிளேயரில் மட்டும் இவ்வளவு பாடு.

இனி எல்லாவற்றையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். சிவப்பு, வெள்ளை வயர்களோடு முனையில் கவை போன்ற தகடுள்ள மெல்லிய வயர் ஒன்று வரும். பிரீஅம்பின் பின்புறத்தில் எர்த் குறி போட்ட திருகாணியில் அதை இறுக்க வேண்டும். என்னுடையது இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தகட்டில் பச்சைக் களிம்பு, திருகாணியில் கறள். உப்புக்காற்றின் வேலை. மெல்லிய எமரித் தாளால் இரண்டையும் பளிச்சென்று தேய்த்துப் பூட்டினேன். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஊசிக்கையிலும் மற்றதைத் தகட்டிலும் வைத்தேன், 'பீப்' என்றது. கத்தாவிட்டால் வயர் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ரெகா நிறுவன டேர்ன்டேபிள்களில் இந்தத் தனி வயரே இருக்காது, தேட வேண்டாம்.

முக்கால்வாசி உறுமல் போனது. மிச்சத்துக்குக் காரணம் நானே முன்பு கட்டிய இன்னொரு வயர்: பிளேயரிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு. இரண்டு எர்த் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். இரண்டு இடத்துக்கும் சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், சிக்னல் வயரின் உறை வழியே கரண்ட் சுற்றிவரும். பிரீஅம்ப் அதையும் பெருக்கும். குழாய் வயரைக் கழற்றினேன். எர்த் ஒரே இடத்தில் மட்டும்.

ஒரு பக்கம் மட்டும் உறுமினால் பிரீஅம்பின் உள்ளே வரும் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகுங்கள். உறுமலும் மற்ற ஸ்பீக்கருக்குப் போனால் பிழை பிளேயர் பக்கம்: காட்ரிட்ஜின் நாலு சிறு வயர்களையும் பாருங்கள். ஊசிக்கையைத் தட்டுக்கு மேலே நகர்த்தும்போது சத்தம் ஏறி இறங்கினால், பெரும்பாலும் பக்கத்திலுள்ள அம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபோமர்தான் காரணம், தள்ளி வையுங்கள்.

உறுமலை நிறுத்த அம்ப்ளிஃபையரின் பிளக்கிலுள்ள எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உள்ளே பிழை வந்தால் பெட்டியே ஷொக் அடிக்கும், உயிர் போகும்.

மாரி முடிந்து தை பிறந்ததும் அந்தத் திருகாணியை நான் மறுபடி கழற்றித் தேய்க்கிறேன். இந்த வருடமும் பச்சை பிடித்திருந்தது.